குப்பாயமும் மேல்முண்டும்: தென் திருவிதாங்கூர்ச் சபைகளில் உடையும் ஒழுக்கமும்

ஒரு சமயம் புதியவர்களைத் தன்னகத்தே ஏற்றுக்கொள்ளும்பொழுது அவர்தம் நம்பிக்கையை மாத்திரம் மாற்ற முனைவதில்லை. எதனை உடுப்பது, எவ்வாறு அமர்வது, யாருடன் உண்பது, எந்த நாளில் தொழில் செய்யாதிருப்பது என்பனவற்றையும் அது வரையறுக்க முற்படுகின்றது. நம்பிக்கை அகத்தே இருப்பது. பிறர் கண்டு உறுதிசெய்ய இயலாதது. உடையும் நடையும் புறத்தே தெரிவன. ஆகவே மதமாற்றம் நிகழ்ந்துள்ளது என்பதனைச் சபைக்கும் ஊருக்கும் அரசுக்கும் அறிவிக்கும் சான்றாகப் பெரும்பாலும் உடையே அமைந்துவிடுகின்றது. இதனை ஒரு பொதுவுண்மையாகக் கூறிவிட்டு அமைவது எளிது. ஆனால் அவ்விதிகளை யார் வகுத்தனர், யார் ஏற்றனர், ஏற்றவர் அவற்றைக் கொண்டு எதனைச் சாதிக்க விரும்பினர் என்னும் வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின் குறிப்பிட்ட ஒரு சமூகத்தின் உற்பத்தி உறவுகளுக்குள் நின்றே அவற்றை நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சபைகளில் நிகழ்ந்தவற்றை இக்கட்டுரைக்குரிய பொருளாகக் கொள்கின்றோம்.

தோள்சீலைக் கலகம் என வழங்கும் அந்நிகழ்ச்சி தமிழ் வாசகருக்குப் புதியதன்று. எனினும் அதனைப் பற்றிய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 2016 டிசம்பரில் இந்திய மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், சாதிப் பூசலும் உடைமாற்றமும் பற்றிய பகுதியை ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்திலிருந்து நீக்கியது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் அக்கலகத்தின் இருநூறாம் ஆண்டு விழா தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் முதலமைச்சர்களும் பங்குபற்ற நடைபெற்றது. ஒருபுறம் மறைக்கவும் மறுபுறம் விழாவெடுக்கவும் முனையும்பொழுது இடையிலே வரலாறு நசிவது இயல்பு. திருச்சபை வரலாறு எழுதுவோர் மானத்தை வழங்கியது மிஷன் என்பர். தேசியவாதிகள் சிலர், பண்பாட்டைக் குலைக்க வந்த அந்நியர் தூண்டிவிட்ட பூசல் அது என்பர். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். இரு திறத்தார் கூற்றிலும் செயலாற்றுவோர் மிஷனரிமாரே. அச்சீலையை உடுத்த பெண்கள் செயப்படுபொருளாகவே நிற்கின்றனர். இந்நோக்கு எமக்கு உடன்பாடானதன்று.

முதலில் அச்சமூகத்தின் அமைப்பினைச் சுருக்கமாக நோக்குவோம். அக்காலப் பத்திரங்கள் சாணார் எனக் குறிப்பிடும் நாடார் சமூகத்தவரிற் பெரும்பாலோர் பனையேறும் தொழிலாளராகவும் குத்தகைக் குடிகளாகவும் இருந்தனர். அகஸ்தீஸ்வரம் பகுதியில் நிலமுடைய நாடான் குடும்பங்கள் சில இருந்தனவாயினும் கல்குளம், இரணியல் ஆகிய பகுதிகளில் மரம் அவர்களுடையதன்று; மண்ணும் அவர்களுடையதன்று. தலைவரி செலுத்துவதோடு, ஊழியம் எனப்பட்ட கூலியில்லா வேலையை அரசுக்கும் கோயிலுக்கும் செய்ய அவர்கள் கடமைப்பட்டிருந்தனர். நம்பூதிரியிடமிருந்து 36 தப்படி விலகி நிற்க வேண்டும் என்பது வழக்கு. குடை பிடித்தல், செருப்பணிதல், பொன்னணிதல் ஆகாது. பெண்கள் குடத்தை இடுப்பிலே வைத்துச் சுமத்தல் ஆகாது. வீடு ஒரு தளத்துக்கு மேல் எழலாகாது. மிஷனரியான சாமுவேல் மற்றீர் 1871 இல் வெளியிட்ட நூலில் இத்தடைகளை விரிவாகப் பதிவு செய்துள்ளார். இவை தனித்தனியான கொடுமைகள் அல்ல. உழைப்பை விலையின்றிப் பெறுவதற்குரிய ஓர் ஒழுங்கின் புறக் குறியீடுகளாம். எவரெவர் யார்யாருக்கு உழைக்க வேண்டும் என்பது தெருவில் வரும்பொழுதே தெரியவேண்டும். தெரிவதற்கு உடை பயன்பட்டது.

மார்பை மறைக்காதிருத்தல் என்பதன் பொருளையும் ஈண்டுத் தெளிவுபடுத்துதல் அவசியம். அது அச்சமூக அமைப்பில் நாணக்கேடு என்னும் பொருளை உடையதாக இருக்கவில்லை. மேலோர் முன்னிலையில் மேலாடையை நீக்குதல் மரியாதையின் அடையாளம். நாயர்ப் பெண்களும் நம்பூதிரிமார் முன்பும் தெய்வத்தின் முன்பும் அவ்வாறு செய்தனர். ஆண்கள் தோளிற் கிடந்த துண்டை எடுத்து இடுப்பிற் கட்டுவதும் அதே இலக்கணத்தின்பாற்பட்டதே. இதனை யாழ்ப்பாணத்து வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு யாதெனில், நாயர்ப் பெண்ணுக்குச் சில வேளைகளில் நிகழ்வது நாடார்ப் பெண்ணுக்கு எவ்வேளையும் விதியாயிருந்தது. எல்லோருக்கும் கீழே உள்ளவர் எல்லோர் முன்னிலையிலும் மரியாதை செலுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும் அல்லவா? மலைக்கு அப்பால் கும்பினி ஆட்சியிலிருந்த திருநெல்வேலிச் சீமையில் அதே குலத்துப் பெண்களுக்கு இத்தகைய சட்டத்தடை இருக்கவில்லை. தொழிலின் பொருட்டும் மணவுறவின் பொருட்டும் அங்குமிங்கும் சென்று வந்தவர்கள் இவ்வேறுபாட்டைக் கண்ணாரக் கண்டனர். மிஷன் வந்து சொல்லித்தான் தம் நிலையை அவர்கள் உணர்ந்தனர் என்பது பொருந்தாக் கூற்றாகும்.

மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சாவூரிலே கிறிஸ்தவத்தை அறிந்து வந்தவர். அவர் முயற்சியின் பயனாக 1806 இல் றிங்கல்தௌபே என்னும் ஜெர்மானிய மிஷனரி திருவிதாங்கூருக்கு வந்தார். 1809 இல் மயிலாடியில் முதலாவது ஆலயம் எழுந்தது. 1818 இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்ள்ஸ் மீட், சிறிது காலம் அந்நகரின் நீதிபதியாகவும் அரசினால் நியமிக்கப்பெற்றார். பாதிரியாரே நீதிபதியாகவும் இருக்கும் ஊரில் சபையிற் சேர்வோர் தொகை பெருகியது வியப்பன்று. அடுத்த ஆண்டில் மோல்ற் தம்பதியரும் வந்துசேர்ந்தனர். கும்பினியின் பிரதிநிதியாகவும் 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்த கேணல் மன்றோவின் ஆதரவு மிஷனுக்கு இருந்தது. கிறிஸ்தவரானோர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியம் செய்ய வேண்டியதில்லை என்னும் சலுகை அவர் காலத்து ஆணைகளால் ஏற்பட்டது. வாரத்தில் ஒருநாள் தன் உடல் தனக்கே உரியது என்னும் நிலை ஒரு பனையேறிக்கு எத்தகைய பொருளுடையதாயிருந்திருக்கும் என்பதனைச் சமயத் தத்துவம் பற்றிய நூல்களிலிருந்து நாம் அறிய இயலாது.

சபைக்குள் வருவோர் எவ்வாறு பயிற்றப்பட்டனர்? ஒருவர் விரும்பிய அன்றே ஞானஸ்நானம் கிடைத்துவிடுவதில்லை. பெயர் பதியப்பட்டு, ஆயத்தப்படுவோராக ஒரு காலம் கழித்தல் வேண்டும். அக்காலத்தில் பத்துக் கற்பனைகள், கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றை மனனம் செய்தனர். ஆனால் பரிசோதனைக்குட்பட்டது மனனம் மட்டுமன்று. வீட்டு முற்றத்தில் இருந்த பேய்ப்பீடம் இடிக்கப்பட்டதா, கொடை விழாவுக்குக் காசு கொடுப்பதை நிறுத்தினாரா, கள் அருந்துவதை விட்டாரா, ஓய்வுநாளில் மரமேறாதிருக்கின்றாரா, வீட்டில் ஒரு மனைவிதானா என்பனவெல்லாம் ஆராயப்பட்டன. ஆராய்ந்தவர் ஐரோப்பியப் பாதிரியார் அல்லர். ஊரிலே குடியிருந்த உபதேசியார். சபையின் ஒழுக்கத்தை நாள்தோறும் நடைமுறைப்படுத்தியவர் இவரே. பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவரும், வீடுவீடாகச் சென்று நலம் விசாரித்தவரும், பூசல்களைத் தீர்த்தவரும், ஞாயிறு ஆராதனைக்கு வராதவர் யாரென மிஷன் நிலையத்துக்கு அறிக்கை கொடுத்தவரும் அவரே. பெரும்பாலும் அதே சாதியைச் சேர்ந்தவராயிருந்து, சட்டை அணிந்து, ஏட்டுக்குப் பதிலாக அச்சிட்ட புத்தகத்தைக் கையிலேந்தி நின்ற உபதேசியாரைப் பார்த்தே புதியவர்கள் கிறிஸ்தவன் என்றால் எப்படியிருப்பான் என்பதனை அறிந்துகொண்டனர். பிரசங்கத்தினும் இவ்வுதாரணமே வலிமையுடையதாயிருந்திருக்கும் என்பது எமது துணிபு.

விதி மீறியவர்க்குரிய தண்டனை திருவிருந்திலிருந்து விலக்கிவைத்தல். ஒரு பருவத்துக்கு விலக்கப்பட்டவர் பின்னர்ச் சபையார் முன்னிலையிலே குற்றத்தை ஒப்புக்கொண்டு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுவார். ஊர்ப் பஞ்சாயத்தின் சாதிவிலக்கை ஒத்த முறை இது. பழகிய நிறுவனம் புதிய பெயருடன் வந்தமையாலேயே மக்கள் அதனை எளிதில் விளங்கிக்கொண்டனர் என்று நாம் கருதுகின்றோம்.

உடை பற்றிய விதிகளுக்கு மிஷனரிமார் வேதாகமத்திலே ஆதாரம் காட்டினர். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் பெண்கள் தலையை மூடி ஜெபிக்க வேண்டும் என்றும், நீண்ட மயிர் ஆணுக்கு இழிவு என்றும் கூறுகின்றது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபமும் பேதுருவின் முதலாம் நிருபமும் பின்னிய கூந்தலையும் பொன்னணியையும் விலக்குகின்றன. இவ்வசனங்கள் பொன்னுடையோரை நோக்கி எழுதப்பட்டவை. பொன்னணியும் உரிமையே மறுக்கப்பட்டிருந்த பனையேறியின் மனைவிக்கு அவ்வசனத்தைப் போதித்தபொழுது ஏற்பட்ட முரண் நகைப்புக்கிடமானது. அணியாதே என்று மேற்சாதியான் சொன்னதையே பாதிரியாரும் சொல்ல நேர்ந்தது. ஆனால் மார்பை மறைக்கும் விடயத்தில் இருவர் சொல்லும் நேரெதிராயின. இங்குதான் சிக்கல் தொடங்கியது.

மன்றோ காலத்தில் முதலில் வெளியான ஆணை, கிறிஸ்தவராகிய பெண்கள் பிற நாட்டுக் கிறிஸ்தவரைப் போல மார்பை மறைத்துக்கொள்ளலாம் என அனுமதித்தது. அரண்மனைச் சபையார் மறுப்புத் தெரிவித்தனர். 1814 இல் வெளியான ஆணை அவ்வனுமதியை ஓர் எல்லைக்குட்படுத்தியது: சிரியக் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணியும் குப்பாயத்தை அணியலாம், நாயர்ப் பெண்களைப் போல மேல்முண்டு போடலாகாது. குப்பாயம் என்பது தைத்த சட்டை; மேல்முண்டு என்பது தைக்காது தோளின்மேல் இடும் சீலை. இரண்டும் மறைக்கும் தொழிலை ஒருங்கே செய்வன. மறைப்பதே வினாவாக இருந்திருப்பின் ஒன்றை அனுமதித்து மற்றதைத் தடுப்பதற்குக் காரணமில்லை. கஞ்சுகம், மெய்ப்பை, குப்பாயம் என்னும் சொற்கள் பழந்தமிழ் நூல்களுக்கு அறிமுகமானவையே. ஆயின் அந்நூல்களில் தைத்த சட்டை பெரும்பாலும் ஏவலர்க்கும் காவலர்க்கும் அந்நியர்க்கும் உரியதாகக் காணப்படும். உயர்ந்தோர் உடை தைக்காததாகவே இருக்கும். திருவிதாங்கூர் அரசு செய்ததும் இதுவே. கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஒரு சட்டையைக் கொடுத்து, சாதி அடுக்கில் அவளுக்கென ஒரு தனி அறையையும் ஒதுக்கிற்று. அடுக்கு கலையவில்லை, ஓர் அறை கூடிற்று.

மிஷன் இவ்வேற்பாட்டை விருப்புடன் ஏற்றுக்கொண்டது. மீட், மோல்ற் ஆகியோரின் மனைவியர் தளர்வான, குட்டைக் கைகளையுடைய சட்டை ஒன்றை வடிவமைத்து, பெண்பிள்ளைகளின் விடுதிப் பாடசாலையில் அதனைத் தைக்கக் கற்பித்தனர். தையல் வகுப்பு ஒழுக்கப் பயிற்சியின் மையமாக இருந்தது. ஒரே இடத்தில் நேரம் குறித்து அமர்ந்திருத்தல், கைகளைச் சுத்தமாக வைத்திருத்தல், பேச்சைக் குறைத்தல், எடுத்த வேலையை அளந்து முடித்தல் ஆகியன ஊசியோடு சேர்ந்து வந்தன. கைத்தொழிற் சமுதாயம் ஒன்று தன் தொழிலாளரிடம் எதிர்பார்க்கும் குணங்கள் இவை என்பதனைச் சொல்லத் தேவையில்லை. திருமதி மோல்ற் தொடக்கிவைத்த லேஸ் பின்னல் வேலை இதன் அடுத்த படி. அப்பின்னல்கள் ஐரோப்பியச் சீமாட்டிகளுக்கு விற்கப்பட்டன. வருவாயின் ஒரு பகுதி பாடசாலைக்குச் சென்றது. அடிமைச் சாதிகளிற் பிறந்த பெண்கள் சிலர் பின்னல் வேலையில் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1855 இலேயே. அதற்கு முன்னரே ஊசி முனையால் தம்மை மீட்டுக்கொண்ட இப்பெண்களின் கதையில் முதலாளித்துவத்தின் இரு முகங்களும் ஒருங்கே தெரிகின்றன. உடலைக் கட்டிய தளை அறுந்தது, அறுத்தது கூலி.

ஆயின் பெண்கள் குப்பாயத்தோடு நின்றுவிடவில்லை. அதன் மேல் மேல்முண்டையும் இட்டனர். மிஷன் இதனைக் கேட்டிருக்கவில்லை. மிஷனின் அளவுகோல் கண்ணியம். அதற்குச் சட்டை போதுமானது. பெண்களின் அளவுகோல் வேறு. சட்டை அணிந்தவளைக் கண்டதும் 'இவள் கிறிஸ்தவச் சாணாத்தி' என்று ஊரார் அறிந்துகொள்வர். மேல்முண்டு இட்டவளை யார் என்று அறிவதற்கில்லை. அவ்வறியாமையே அவர்கள் வேண்டியது. இதனை மேற்சாதியைப் பார்த்துச் செய்யும் போலி என்றும், சமூகவியலாளர் கூறும் மேனிலையாக்கம் என்றும் சிலர் விளக்குவர். எமக்கு அவ்விளக்கம் அரைகுறையாகவே படுகின்றது. ஒரு குறியீட்டை அனைவரும் அணிந்துவிட்டால் அது குறியீடாக இருக்கும் தகுதியை இழக்கும். நாயர் தலைவர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தமையாலேயே அத்துணைச் சினங்கொண்டனர்.

1822 மே மாதத்தில் கல்குளம் பகுதியில் சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. மீட் முறையிட்டார். 1823 இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. 1827க்கும் 1829க்கும் இடையில் கலகம் மீண்டும் மூண்டது. ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. பள்ளிக்கூடத்தை எரித்தவர்கள் சீலையின்மீது மட்டும் சினங்கொண்டவர்களாயிருக்க இயலாது. ஊழியத்துக்கு ஆள் கிடைப்பது குறைந்தது, எழுதப்படிக்கத் தெரிந்தவன் வரிக் கணக்கைக் கேள்வி கேட்டான் என்பனவே தீயின் உண்மைக் காரணங்கள். 1829 பெப்ரவரி 3 இல் வெளியான அரச விளம்பரம் இதனை உறுதிப்படுத்துகின்றது. மேல்முண்டு கூடாது, குப்பாயம் ஆகும் என்று முன்னைய விதியை வலியுறுத்திய அவ்விளம்பரம், அதே மூச்சில் ஊழியக் கடமையையும் வலியுறுத்தியது. உடையும் உழைப்பும் ஒரே தாளில் எழுதப்பட்டமை தற்செயலானதன்று.

இப்பூசலில் மிஷனரிமார் தம் சபையாரின் பக்கமே நின்றனர், அரசுக்கு மனு எழுதினர், அடிபட்டோரைக் காத்தனர். அதனை மறுப்பது நேர்மையாகாது. எனினும் அவர்கள் வாதாடிய முறையைக் கவனித்தல் வேண்டும். கிறிஸ்தவப் பெண்ணின் நாணம் காக்கப்பட வேண்டும் என்பதே அவர்கள் வாதம். எப்பெண்ணும் எவ்வுடையும் உடுக்கலாம் என்பதன்று. மேல்முண்டின் பொருளை அவர்கள் தமது கண்ணியத்தின் மொழியிலே பெயர்த்தனர். பெயர்ப்பில் உரிமை மறைந்து மானம் மட்டும் எஞ்சிற்று. இன்றும் இந்நிகழ்ச்சி 'மானம் காத்த போர்' என்றே மேடைகளில் வருணிக்கப்படுவது அப்பெயர்ப்பின் தொடர்ச்சியேயாகும். எமக்குக் கிடைக்கும் ஆவணங்களுட் பெரும்பாலானவை பாதிரிமாரும் அதிகாரிகளும் எழுதிய அறிக்கைகளாதலின், சீலை உடுத்தவளின் சொல்லை அவள் செயலிலிருந்தே நாம் வாசிக்க வேண்டியுள்ளது. தடை வந்த பின்னும், ஆடை கிழிக்கப்பட்ட பின்னும், முப்பது ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் அதே சீலையை உடுத்தாள் என்பது தெளிவான சொல்லே.

1858 நவம்பரில் விக்ரோறியா மகாராணியின் பிரகடனம் வெளியானது. அதனைத் தம் கோரிக்கைக்கு ஆதரவாக நாடார் மக்கள் பொருள்கொண்டனர். டிசம்பர் இறுதியில் திவான் மாதவராவ் அமைதி காக்குமாறு விடுத்த அறிவித்தல் பயன்தரவில்லை. 1859 ஜனவரியில் கலகம் உச்சநிலையடைந்தது. சென்னை ஆளுநராக அவ்வாண்டு பதவியேற்ற சார்ள்ஸ் றெவெல்யன் திருவிதாங்கூர் அரசை நெருக்க, 1859 ஜூலை 26 இல் உத்திரம் திருநாள் மகாராசா புதிய விளம்பரம் ஒன்றை வெளியிட்டார். கிறிஸ்தவராயினும் அல்லராயினும் நாடார்ப் பெண்கள் மார்பை மறைக்கலாம். முக்குவப் பெண்களைப் போலத் துணி கட்டலாம். ஆனால் மேற்சாதிப் பெண்களின் முறையை மட்டும் பின்பற்றலாகாது. நூற்றுக்கு நூறு வெற்றி எனக் கொண்டாடப்படும் இவ்விளம்பரத்திலும் கடைசி வாக்கியம் பழைய வாக்கியமே. ஆயினும் சமயத்தை நிபந்தனையாகக் கொள்ளாது உரிமை வழங்கப்பட்டமை முக்கியமானது. குப்பாயம் கிறிஸ்தவத்தின் அடையாளமாயிருந்த நிலை அன்றோடு தளரத் தொடங்கிற்று.

இதே காலத்தில், இதே புரட்டஸ்தாந்து ஒழுக்கவிதிகள் வேறொரு வர்க்கத்தாரிடம் சென்றபொழுது நிகழ்ந்ததை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. தஞ்சாவூரில் சரபோஜி மன்னரின் அவையிலும் மதிப்புப் பெற்றிருந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) வேளாளக் கிறிஸ்தவர். 'பெத்லகேம் குறவஞ்சி'யின் ஆசிரியர். புதிய தலைமுறை மிஷனரிமார் சாதி வேறுபாட்டை நீக்கி ஒருங்கே அமர்ந்து திருவிருந்து உண்ண வேண்டும் என்றும், திருமணத்திலும் திருநாளிலும் பூவணிதல் ஆகாது என்றும், தமிழ்ப் பாடல்களை ஆராதனையில் பாடலாகாது என்றும் விதித்தபொழுது அவர் அவற்றைக் கொடுமைகள் என்று கண்டித்து எழுதினார். 1833 இல் பேராயர் டானியல் வில்சன் சாதியைச் சபையிலிருந்து அறவே அகற்றுமாறு ஆணையிட, வேளாளக் குடும்பங்கள் பல சபையை விட்டு விலகின. பூவையும் பாட்டையும் பற்றிய சாஸ்திரியாரின் வாதத்தை இலக்கிய மாணவராகிய நாம் எளிதில் ஏற்றுக்கொள்வோம். ஆனால் அவர் பூவையும் பாட்டையும் சாதியையும் ஒரே பட்டியலில் இட்டார் என்பதையும் மறைத்தலாகாது. பண்பாடு என்ற பெயரால் எதனையெதனைக் காக்கின்றோம் என்னும் வினா அன்று போலவே இன்றும் விடை வேண்டி நிற்பது. உடைவிதி வேளாளரிடமிருந்து ஒன்றைப் பறித்தது. பனையேறிக்கு ஒன்றைக் கொடுத்தது. விதி ஒன்றே, அதன் பொருளைத் தீர்மானித்தது வர்க்க நிலை.

கத்தோலிக்கர் இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் முன்னரே இப்பிரச்சினையைச் சந்தித்திருந்தனர். 1606 இல் மதுரைக்கு வந்த றொபேட் டி நொபிலி பூணூல், குடுமி, சந்தனம் ஆகியன குலத்தின் அடையாளங்களேயன்றிச் சமயத்தின் அடையாளங்கள் அல்ல என வாதாடினார். 1623 இல் பாப்பரசர் அதனை ஏற்றார். 1704 இல் பாண்டிச்சேரியில் தூர்நோன் ஆண்டகை வெளியிட்ட ஆணையோ பிள்ளையார் உருப் பொறித்த தாலியைத் தடைசெய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடுமி பற்றிய வாதம் புரட்டஸ்தாந்தரிடையே மீண்டும் எழுந்தபொழுது கால்டுவெல் அது நாட்டு வழக்கேயன்றிச் சமயச் சின்னமன்று என எழுதினார். எது சமயம், எது சமூக வழக்கம் எனப் பிரிக்கும் இக்கோடு ஒவ்வொரு முறையும் மேலோரின் வசதிக்கேற்பவே வரையப்பட்டது என்பது எமது அவதானிப்பு. குடுமிக்குக் கிடைத்த நீண்ட ஆராய்ச்சி கொடை விழாவுக்குக் கிடைக்கவில்லை. அது விசாரணையின்றியே பேய்வழிபாடு எனத் தள்ளப்பட்டது.

சபைக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். அதே மண்ணிலே, அதே மக்களிடையே தோன்றிய வைகுண்டசுவாமிகள் (1809-1851) தம்மைப் பின்பற்றிய ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடுமாறு பணித்தார். மேலோர் முன் தலைத்துணியை அவிழ்க்க வேண்டியவர் கடவுள் முன்னிலையில் அதனைக் கட்டிக்கொண்டு நிற்பதன் பொருள் வெளிப்படை. துவையல் தவம் என்னும் பெயரில் எழுநூறு குடும்பத்தார் கடற்கரையிலே தங்கி, நாள்தோறும் நீராடி, துணி துவைத்து, மரக்கறியுணவு உண்டு ஒழுகினர் என்பது அய்யாவழி மக்களின் மரபு. மிஷன் வளவிலே உபதேசியார் கற்பித்த தூய்மையும், வாகைப்பதியிலே துவையற்காரர் பயின்ற தூய்மையும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. இதனை நோக்கும்பொழுது, உடையொழுக்கத்தை மேலைநாட்டு இறக்குமதி என்று மட்டும் கொள்வது எத்துணைக் குறைபாடுடையது என்பது விளங்கும்.

ஒழுக்கம் என்னும் சொல்லின் வரலாறும் இங்கு நோக்கற்பாலது. திருக்குறளின் ஒழுக்கமுடைமை அதிகாரத்துக்குப் பொருள் காணும் பரிமேலழகர், தத்தம் வருணத்துக்கும் நிலைக்கும் ஓதப்பட்டதன்படி ஒழுகுதலையே ஒழுக்கம் என்பார். அவ்விலக்கணத்தின்படி மேல்முண்டு இடும் நாடார்ப் பெண் ஒழுக்கந் தவறியவள். அவள் சீலையைக் கிழிப்பவன் ஒழுக்கங் காப்பவன். மிஷன் அச்சிட்டு வழங்கிய வினாவிடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் வரும் ஒழுக்கமோ, பிறப்பு வேறுபாடின்றி ஒவ்வொரு தனியாளுக்கும் பொதுவாக விதிக்கப்பட்டது. அது குடியையும் நேரந் தவறுதலையும் சோம்பலையும் கண்டிக்கும் நடுத்தர வர்க்க ஒழுக்கமே என்பதில் ஐயமில்லை. எனினும் எல்லோருக்கும் ஒன்று என்னும் வடிவமே அச்சமூகத்தில் வெடிமருந்தாயிற்று. உள்ளடக்கத்தினும் வடிவம் முற்போக்கானதாய் அமைந்த சந்தர்ப்பங்களுள் இஃது ஒன்று. தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்வோர் இச்சொற்பொருள் மாற்றத்துக்கு உரிய இடம் வழங்கவில்லை என்பது எமது குறை.

யாழ்ப்பாணத்துக்கு வருவோமாயின் காட்சி மாறுகின்றது. 1816 இல் வந்த அமெரிக்க மிஷன் 1823 இல் வட்டுக்கோட்டையிலும் 1824 இல் உடுவிலிலும் விடுதிப் பாடசாலைகளை நிறுவிற்று. இங்கும் தையல் இருந்தது, நேர ஒழுங்கு இருந்தது. கிறிஸ்தவ ஆடவரை மணக்கும் உடுவில் மாணவியருக்குச் சீதனமும் வழங்கப்பட்டது. உடைக்கு மேலாகப் பெயரும் மாற்றப்பட்டது. பணம் உதவிய அமெரிக்கரின் பெயர் மாணவருக்கு இடப்பட்டது. 1841 இல் தொடங்கிய 'உதயதாரகை'யின் ஆசிரியர்களாகிய தமிழர் இருவரின் பெயர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்பன. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்ணல்ட் ஆனார். ஆனால் இங்கு மிஷன் பெரிதும் நாடியது வேளாளரை. மிஷன் வளவிலே உண்ண மறுத்த பிள்ளைகளுக்காகத் தொடக்கத்தில் வளவுக்கு வெளியே சமையல் செய்யவும் இடமளிக்கப்பட்டது. நாவலர் 1847 இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடக்கி, பின்னர்ப் பாலபாடங்களையும் சைவ வினாவிடைகளையும் அச்சிட்டு, திருநீறு அணிவது முதல் உண்ணும் முறை வரை விதித்தபொழுது, மிஷனின் கருவிகள் அனைத்தையும் கையாண்டார். எல்லோருக்கும் ஒன்று என்னும் வடிவத்தை மட்டும் கையாளவில்லை.

இதன் விளைவு நாம் அறிந்ததே. நாகர்கோவிலில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்ச் சபைக்குள் எழுந்த வினா யாழ்ப்பாணத்திலே சபைக்குள் எழவேயில்லை. அது வேறு களத்தில் எழுந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் சட்டை அணிவதும், ஆண்கள் தோளிலே சால்வை இடுவதும் இருபதாம் நூற்றாண்டிலும் இங்கு அடிதடிக்குக் காரணமாயின. 1920களின் பிற்பகுதியில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க அரசு பணித்தது. வாலிப காங்கிரசார் அதனை ஆதரித்துப் பிரசாரம் செய்தனர். இவற்றையடுத்து எரிந்தவையும் பள்ளிக்கூடங்களே.